ஷோகாஸ் நோட்டீஸும் பையர் படிவமும்

கேள்வி: வணக்கம் சார். திருப்பூர் பக்கம் சொந்த சுத்திகரிப்பு நிலையத்தோடு சின்ன சாயப்பட்டறை நடத்துகிறோம். அப்பா ஆரம்பித்தது. இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன், ஆனால் கன்சென்ட் (மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி) எல்லாம் இன்னும் அப்பா பெயரில்தான். போன மாதம் ஒரு ராத்திரி வாரியத்தின் பறக்கும் படை வந்தது. அன்றைக்கு, கழிவுநீரை வடிகட்டும் ஆர்.ஓ. மெம்பரேன் மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்ததில் சேகரிப்புத் தொட்டி நிரம்பி, கொஞ்சம் தண்ணீர் பின்பக்க மழைநீர் ஓடைக்குப் போய்விட்டது. ஒரு கேனில் பிடித்துக்கொண்டு, சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்கிப் போனார்கள். இப்போது ஷோகாஸ் வந்திருக்கிறது. டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு) 4,800 இருந்ததாம், ஆலையை ஏன் மூடக் கூடாது, கரண்டை ஏன் துண்டிக்கக் கூடாது என்று 15 நாளில் பதில் சொல்ல வேண்டுமாம். போன வருஷம் ஆர்டர் அதிகம் என்று இரண்டு சாஃப்ட் ஃப்ளோ சாய மெஷின் கூடுதலாகப் போட்டோம், அதையும் எழுதியிருக்கிறார்கள். இதே வாரம் எக்ஸ்போர்ட்டர் ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார், ஜெர்மனி பையருடையது. கடந்த இரண்டு ஆண்டில் சுற்றுச்சூழல் நோட்டீஸ் ஏதாவது வந்ததா என்று அதில் ஒரு கேள்வி. எங்கள் கன்சல்டன்ட், 'நோட்டீஸுக்கு நாலு வரி போட்டுவிடலாம், நான் பார்த்துக்கொள்கிறேன், படிவத்தில் இல்லை என்று டிக் அடியுங்கள்' என்கிறார். சாம்பிள் எடுத்த முறையே தப்பு, கேஸ் நிற்காது என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்கிறார். வக்கீல் வைத்தால் அதிகாரிகளுக்குக் கோபம் வந்துவிடுமோ என்றும் இருக்கிறது. என்ன செய்யலாம்?
(பெயர் வேண்டாம், திருப்பூர் மாவட்டம்)

பதில்:

அந்தப் படிவத்தில் 'இல்லை' என்று டிக் அடிக்காதீர்கள். ஏற்கெனவே அடித்து அனுப்பிவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே திருத்தி அனுப்புங்கள். மற்றதற்கெல்லாம் இன்னும் சில நாள் இருக்கிறது.

நோட்டீஸ் வாரியத்துக்கு, படிவம் பையருக்கு என்று நீங்கள் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறீர்கள். இரண்டிலும் கேட்பது அந்த ஒரே ராத்திரியைப் பற்றித்தான். வாரியத்துக்கு 'தொட்டி வழிந்தது, சரிசெய்துவிட்டோம்' என்றும் பையருக்கு 'எதுவும் நடக்கவில்லை' என்றும் எழுதினால், உங்களுக்கு எதிரான சாட்சியை நீங்களே தயார் செய்து கொடுத்தமாதிரி. வாரியத்தின் நோட்டீஸ் ரகசியக் கோப்பு ஒன்றும் இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் எந்த இந்தியக் குடிமகனும் நகல் கேட்கலாம். விஷயம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனால் ஆணை இணையத்திலேயே கிடைக்கும், பையரின் ஆடிட்டர் உங்கள் யூனிட் பெயரைத் தேடினாலே போதும். ஆகவே முதலில் வாரியத்துக்கான பதிலை முடியுங்கள். பையருக்குப் போகவேண்டியது அதிலிருந்துதான் வர வேண்டும்.

இப்போது நோட்டீஸ். மூடல், மின் துண்டிப்பு என்று வந்திருப்பதால் 1974ஆம் வருட நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 33ஏ பிரிவாக இருக்க வேண்டும்; ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆலையை மூடச் சொல்லவும் மின்சாரம், தண்ணீரை நிறுத்தச் சொல்லவும் வாரியத்துக்கு அந்தப் பிரிவு அதிகாரம் தருகிறது. ஆட்சேபம் சொல்லக் குறைந்தது 15 நாள் தர வேண்டும் என்பது விதி. அது நோட்டீஸ் உங்கள் கையில் சேர்ந்த நாளிலிருந்து கணக்கு, மேலே அச்சடித்திருக்கும் தேதியிலிருந்து இல்லை. தபால் கவரைக் குப்பையில் போட்டிருந்தால் தேடி எடுங்கள், அதில் இருக்கும் அஞ்சல் முத்திரைக்கு வேலை வரலாம். நேரில் விளக்கம் சொல்ல வாய்ப்பு வேண்டும் என்பதையும் பதிலிலேயே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

நாலு வரி பதில் எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்கிறேன். 'நிறுவனத்தின் விளக்கம் திருப்திகரமாக இல்லை' என்ற ஒரு வரியோடு மூடல் ஆணை வரும். பிறகு மேல்முறையீட்டில் மெம்பரேன் பில், பதிவேடு, போட்டோ என்று நீங்கள் எடுத்து வைக்கும்போது எதிர்த்தரப்பு கேட்கும் முதல் கேள்வி, 'இதெல்லாம் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?' அதற்குப் பதில் இருக்காது. உங்கள் முழு வழக்கும் இந்த ஷோகாஸ் பதிலுக்குள் இருந்தாக வேண்டும்.

சாம்பிள் விஷயத்தில் உங்கள் சொந்தக்காரர் சொல்வதில் பாதி சரி. சட்டத்தின் 21ஆம் பிரிவில் முறை எழுதியிருக்கிறது: சாம்பிள் எடுக்கிறோம் என்று அப்போதே, அங்கேயே அறிவிப்புக் கொடுக்க வேண்டும், உங்கள் ஆள் முன்னிலையில் இரண்டாகப் பிரித்து, சீல் வைத்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், நீங்கள் கேட்டால் ஒரு பகுதி அரசு குறிப்பிட்ட இன்னொரு ஆய்வகத்துக்குப் போக வேண்டும். இது நடக்காவிட்டால் அந்த அறிக்கையைக் கோர்ட்டில் சாட்சியமாக ஏற்க முடியாது. ஆனால் அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. அறிவிப்புக் கொடுத்த பிறகு, பக்கத்தில் நின்ற உங்கள் ஆள் பிரித்துத் தரச் சொல்லிக் கேட்கவில்லை என்றால், ஒரே சாம்பிளாகவே எடுத்துப் போகலாம். சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்ட தாள் என்ன என்று பாருங்கள். அது அந்த அறிவிப்பாகவே இருந்தால் இந்த வாதத்தின் பலம் ரொம்பவே குறைந்துவிடும்.

இன்னொரு பக்கமும் உண்டு. இந்த வாதம் கிரிமினல் கேஸில் எடுபடும் அளவுக்குப் பசுமைத் தீர்ப்பாயத்தில் எடுபடாது. சாட்சியச் சட்டத்தின் விதிகள் தீர்ப்பாயத்தைக் கட்டாது என்று அதை அமைத்த 2010ஆம் வருடச் சட்டமே சொல்கிறது. தவிர, உங்கள் யூனிட், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்ற ஜீரோ டிஸ்சார்ஜ் நிபந்தனையில் ஓடுவது. ஆற்றில் விடும் தண்ணீருக்கான 2,100 டி.டி.எஸ். வரம்பு உங்களுக்குப் பேச்சே இல்லை. 4,800ஓ 1,800ஓ, வேலிக்கு வெளியே தண்ணீர் போனதே மீறல். சாம்பிள் ஆட்சேபத்தைப் பதிலில் ஒரு பத்தியில் பதிவு செய்துவிட்டு நகருங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரியதாகப் பட்டது நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன அந்த இரண்டு மெஷின்கள். புதிதாக ஆலை போடுவதற்கு மட்டும்தான் முன் அனுமதி என்று பலரும் நினைக்கிறார்கள். 25ஆம் பிரிவு விரிவாக்கத்தையும் கூடுதல் இணைப்பையும் சேர்த்தே சொல்கிறது. உங்கள் கன்சென்டை எடுத்து, ஒரு நாளைக்கு எத்தனை கிலோ துணி, எத்தனை கிலோலிட்டர் கழிவுநீர் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். இரண்டு மெஷின் சேர்ந்த பிறகு அந்த எண்ணைத் தாண்டியிருந்தால், தொட்டி வழிந்ததை விபத்து என்று யாரும் நம்பப்போவதில்லை. மெம்பரேன் ஏன் கெட்டது, தொட்டி ஏன் கொள்ளவில்லை என்று அதிகாரி கேட்டால் விரல் அந்த மெஷின்கள் பக்கம்தான் நீளும்.

சட்டமும் இதை அப்படித்தான் எடைபோடுகிறது. நீர்ச் சட்டத்துக்கு 2024இல் ஒரு திருத்தம் வந்தது; பல மீறல்களுக்குச் சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு, 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மாற்றினார்கள். மாநிலங்கள் தீர்மானம் போட்டு ஏற்றால்தான் அது அங்கே செல்லும் என்பதால், சம்பவ தேதியை வைத்து உங்கள் வக்கீல் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். நான் சொல்லவருவது வேறு. கன்சென்ட் இல்லாமல் நடத்துவதற்கு இருந்த சிறைத் தண்டனையை மட்டும் அந்தத் தாராளமான திருத்தம்கூடத் தொடவில்லை.

அதனால் அந்த இரண்டு மெஷின்களையும் இன்றே நிறுத்துங்கள். மின் இணைப்பைப் பிரித்து, தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, நிறுத்திவிட்டோம் என்று மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்குக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். ஆர்டர் தாமதமாகும், எக்ஸ்போர்ட்டர் சத்தம் போடுவார். அந்த நஷ்டம் கணக்கில் அடங்கும். பிறகு விரிவாக்கத்துக்கு முறையாக விண்ணப்பிக்கலாம். அதற்கு முன், காவிரியின் துணையாறான நொய்யலிலிருந்து உங்கள் இடம் எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். காவிரியிலிருந்தும் அதன் துணையாறுகளிலிருந்தும் 5 கிலோமீட்டருக்குள் அதிக மாசு தரும் தொழில்களைப் புதிதாகத் தொடங்கக் கூடாது என்ற 1998ஆம் வருட அரசாணை 127ஐ வைத்துக்கொண்டுதான் வாரியம் உங்கள் விண்ணப்பத்தைப் படிக்கும்.

'கொஞ்சம் தண்ணீர்' என்று எழுதியிருக்கிறீர்கள். வேறு மாவட்டமாக இருந்தால் அந்தச் சொல்லுக்கு ஒருவேளை கருணை கிடைக்கலாம். பாசனத்துக்கென்று கட்டி 1992இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர்த் தொட்டியாக மாறியது இந்த நொய்யலில்தான். ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். உயர் நீதிமன்றம் 2006இல் ஜீரோ டிஸ்சார்ஜுக்குக் கெடு விதித்தது, உச்ச நீதிமன்றம் 2009இல் அதை உறுதிசெய்தது, அப்படியும் நடக்கவில்லை என்று 2011 ஜனவரி 28இல் அவமதிப்பு வழக்கில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடச் சொன்னது. அந்த மாதங்களை உங்கள் அப்பா மறந்திருக்க மாட்டார். உங்கள் கோப்பைப் பிரிக்கிற ஒவ்வொரு அதிகாரிக்கும் நீதிபதிக்கும் இந்தக் கதை தெரியும்.

பதிலில் வழிந்ததை மறுக்காதீர்கள். ஆனால் எப்படி எழுதுகிறீர்கள் என்பது முக்கியம். 24ஆம் பிரிவு தடுப்பது 'தெரிந்தே' கழிவு விடுவதை, அல்லது விட அனுமதிப்பதை. 'எங்கள் ஆலையிலிருந்து கழிவுநீர் வெளியேற்றப்பட்டது, மன்னிக்கவும்' என்று கன்சல்டன்ட் எழுதிக் கொடுத்தால் அது குற்ற ஒப்புதல். இப்படி எழுதலாம்:

'… தேதி இரவு … மணிக்கு ஆர்.ஓ. மெம்பரேன் மாற்றும் பணி நடந்தது. வரத்து நீரை முழுவதும் நிறுத்துவதற்குள் சேகரிப்புத் தொட்டியின் மட்டம் உயர்ந்து, சுமார் … நிமிடம் நீர் வழிந்து மழைநீர் ஓடையை அடைந்தது. … மணிக்குச் சாய மெஷின்கள் அனைத்தும் நிறுத்தப்பட்டன. ஓடையில் தேங்கிய நீர் டேங்கரில் எடுக்கப்பட்டுத் தொட்டிக்கே திருப்பப்பட்டது. மெம்பரேன் வாங்கிய பில், பராமரிப்புப் பதிவேட்டின் அன்றைய பக்கம், டேங்கர் ரசீது இணைக்கப்பட்டுள்ளன.'

டேங்கரில் எடுத்திருந்தால் மட்டும் அந்த வரியை எழுதுங்கள். எடுக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், ரசீது இல்லாத டேங்கர் உங்களைக் காப்பாற்றாது. இன்னொன்று, இப்படி எதிர்பாராமல் கழிவு வெளியேறினால் உடனே வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 31ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் தெரிவித்த மாதிரி தெரியவில்லை. இதை அவர்கள் எழுப்பும் முன் பதிலில் நீங்களே தொட்டு, இனி யார், எந்த எண்ணுக்கு, எப்படித் தகவல் தருவார் என்ற ஏற்பாட்டைச் சொல்லிவிடுங்கள்.

எழுதுவதற்கு முன் பதிவேடுகளை ஒன்றோடொன்று வைத்துப் பாருங்கள், அதிகாரிகள் செய்வது அதைத்தான். சாயம் போட்ட துணி எத்தனை கிலோ, உள்ளே வந்த தண்ணீர் மீட்டரில் எவ்வளவு, ஆர்.ஓ.விலிருந்து திரும்பக் கிடைத்தது எவ்வளவு, மிச்சக் கழிவுநீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடியது, அதற்கு எத்தனை டன் விறகு, மின் கட்டணம் எவ்வளவு. எவாப்பரேட்டர் தினமும் 20 மணி நேரம் ஓடியதாகப் பதிவேடு சொல்லி, விறகு பில் அதில் பாதிக்குத்தான் காணும் என்றால், எவ்வளவு பெரிய வக்கீல் வந்தாலும் பயன் இல்லை. தினசரிப் பதிவேட்டில் முப்பது நாளும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே எண் இருந்தால் படிக்கிறவருக்கு அது எப்போது எழுதியது என்று தெரிந்துவிடும். இப்போது உட்கார்ந்து பழைய பக்கங்களை நிரப்பாதீர்கள். விடுபட்டது விடுபட்டதாகவே இருக்கட்டும்.

அடுத்த ஆய்வில் கசடு ஷெட்டையும் திறந்து பார்ப்பார்கள். சுத்திகரிப்புக் கசடு அபாயகரக் கழிவு. 2016ஆம் வருட விதிகளின்படி பொதுவாக 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அனுப்பியதற்கான மேனிஃபெஸ்ட் (கழிவோடு போகும் சீட்டு) நகல்களையும் வருடாந்திர அறிக்கையையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் எவ்வளவு போகும் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் தெரிந்திருக்க வேண்டும். மத்திய வாரியத்தின் இழப்பீட்டுச் சூத்திரத்தில் அதிக மாசு தரும் 'சிவப்பு' வகைத் தொழிலுக்கு 80 புள்ளி, அதை ரூபாயில் வைக்கும் ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். வழக்கமாக எடுப்பது 250. சிறு நிறுவனத்துக்கு 0.5, பத்து லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை உள்ள ஊருக்கு 1. பெருக்கினால் ஒரு நாளைக்கு 10,000 ரூபாய். இதை மீறல் நீடித்த நாட்களால் பெருக்குவார்கள். அந்த நாட்கள் எப்போது முடிகின்றன என்பதில்தான் பணம் இருக்கிறது. சரிசெய்ததை எழுத்தில் தெரிவித்து, மறு ஆய்வுக்கு வரச் சொல்லிக் கேட்காதவரை உங்களுக்கு மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். 2025 ஆகஸ்டில் டெல்லி மாசுக் கட்டுப்பாட்டுக் குழு வழக்கில் உச்ச நீதிமன்றம், வாரியங்கள் இழப்பீடு விதிக்கலாம், ஆனால் அதற்கான நடைமுறை விதிகளை முறைப்படி வகுத்த பிறகே அந்த அதிகாரத்தைப் பயன்படுத்த வேண்டும் என்றது. இழப்பீடு கேட்டு ஆணை வந்தால், எந்த விதியின் கீழ் என்பதை வக்கீல் முதலில் கேட்கட்டும்.

இத்தனைக்கும் பிறகு மூடல் ஆணை வந்துவிட்டால், 33ஏ ஆணைக்கு மேல்முறையீடு சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில். 30 நாள் கெடு. தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை தாமதத்தை மன்னிப்பார்கள், அதற்கு அப்புறம் கதவு அடைபட்டுவிடும். காற்று மாசுச் சட்டத்தின் கீழும் சேர்த்து ஆணை போட்டிருந்தால் அந்தப் பகுதிக்கு முதலில் மேல்முறையீட்டு ஆணையத்துக்குப் போக வேண்டியிருக்கும். 2019 ஸ்டெர்லைட் தீர்ப்புக்குப் பிறகு இதில் கவனமாக இருக்க வேண்டும். நேரே உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாமா என்று கேட்பார்கள். விளக்கம் கேட்காமலே மூடியிருந்தால் யோசிக்கலாம், உங்களுக்கு நோட்டீஸ் வந்துவிட்டதே. ஆணை இருக்கும்போது ராத்திரியில் ஜெனரேட்டர் வைத்து ஓட்டும் யோசனையை யார் சொன்னாலும் அவரை ஆபீஸுக்குள் விடாதீர்கள்.

பையருக்கு வருவோம். ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023இல் குறைந்தது 3,000 பேர் வேலை செய்யும் நிறுவனங்களுக்கும், அடுத்த ஆண்டு 1,000 பேர் உள்ளவற்றுக்கும் வந்தது. அது உங்களை நேரடியாகக் கட்டாது, உங்கள் பையரைக் கட்டும். அதனால்தான் படிவம் வந்திருக்கிறது. பலருக்குத் தெரியாத விஷயம், சப்ளையரை உடனே வெட்டிவிடு என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. திருத்தத் திட்டம், கால அட்டவணை, அதற்குப் பிறகும் முடியாவிட்டால் கடைசியாகத்தான் உறவை முறிப்பது. 'ஆம், நோட்டீஸ் வந்தது. இதோ எங்கள் பதில். இந்தத் தேதிக்குள் இவ்வளவு செய்கிறோம்' என்று சொல்லும் சப்ளையரைக் கையாள அவர்களிடம் வழி இருக்கிறது. பொய் சொல்லி மாட்டிய சப்ளையருக்கு அவர்களிடம் வழி கிடையாது. எக்ஸ்போர்ட்டரிடம் முதலில் போனில் சொல்லிவிட்டு அனுப்புங்கள், அவர் பையரிடமிருந்து இதைக் கேள்விப்படக் கூடாது.

படிவத்தின் கடைசிப் பக்கத்தையும் படியுங்கள். 'பொருந்தும் எல்லாச் சட்டங்களையும் எப்போதும் முழுமையாகப் பின்பற்றுகிறோம், மீறினால் பையருக்கு வரும் எல்லா நஷ்டத்தையும் ஏற்கிறோம்' என்ற வகையில் ஒரு வரி இருக்கும். ஜாப் ஒர்க்கில் கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கும் யூனிட் அதில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடக் கூடாது. குறை தெரிந்தால் தெரிவித்துச் சரிசெய்ய அவகாசம், நஷ்டத்துக்கு ஒரு உச்சவரம்பு, இந்த இரண்டையும் கேளுங்கள். எல்லோரும் மறுத்துவிட மாட்டார்கள்.

வக்கீல் வைத்தால் அதிகாரிக்குக் கோபம் வருமா என்றால், வராது. ஒழுங்காக இணைப்புகளோடு வரும் பதில் அவர் வேலையையும் சுலபமாக்கும். மேலதிகாரிக்குக் கோப்பு அனுப்பும்போது அவரும் எதையாவது காட்ட வேண்டும் இல்லையா. கன்சல்டன்டைத் துரத்தத் தேவையில்லை. தொட்டி அளவு, மெம்பரேன் கணக்கு, ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர் எழுதியதை வக்கீல் படித்த பிறகு அனுப்புங்கள். 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்பதற்கு அவர் எதை நினைத்துச் சொல்கிறார் என்று நான் கேட்கப்போவதில்லை, நீங்கள் கேளுங்கள்.

கடைசியாக அப்பா விஷயம். கன்சென்ட் அவர் பெயரில் என்றால் நோட்டீஸும் அவர் பெயரில்தான் இருக்கும், நாளைக்கு வழக்கு என்று வந்தால் சம்மனும் அவர் பெயருக்கே வரும். தனிநபர் நிறுவனம் என்றால் அவருக்கும் நிறுவனத்துக்கும் சட்டத்தில் பிரிவே இல்லை. பார்ட்னர்ஷிப் என்றால் 47ஆம் பிரிவு, அந்தச் சமயத்தில் பொறுப்பில் இருந்தவரைத் தேடும்; அங்கே நீங்களும் வருவீர்கள். ஆகவே பதிலில் அவர் கையெழுத்து வேண்டும், அல்லது அவர் முறைப்படி கொடுத்த அதிகாரப் பத்திரத்தின் பேரில் உங்கள் கையெழுத்து வேண்டும். கன்சல்டன்ட் 'ஃபார்' போட்டுக் கையெழுத்திடும் பழக்கம் இங்கே ஆகாது. பெயர் மாற்ற விண்ணப்பத்தை நோட்டீஸ் முடியும்வரை தள்ளிப்போடாமல் இப்போதே போடுங்கள், ஆனால் பொறுப்பைக் கைமாற்றித் தப்பிக்கப் பார்க்கிறீர்கள் என்று தோன்றாதபடி, நடந்துவரும் நோட்டீஸைக் குறிப்பிட்டே போடுங்கள். நோட்டீஸ் வந்ததை அவரிடம் இன்னும் சொல்லவில்லை என்றால், வக்கீலிடம் போகும் முன் சொல்லி, அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.